பதினேழாம் எண் பீட்சாவும் மூன்று மாப்பிள்ளைகளும்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மாலை நான் யாருக்குச் சம்மதம் சொன்னேன்? எனக்குத் தெரியவில்லை. பையன் எப்படி, பையன் எப்படி என்று நீ காலையிலிருந்து மூன்று முறை செய்தி அனுப்பிவிட்டாய். நான் பதில் போடாததற்கு அலட்சியம் காரணமில்லை. எந்தப் பையன் என்பதே எனக்கு விளங்கவில்லை.

முதலில் விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிடுகிறேன். நீ சுகமா? அத்தானின் முட்டிவலி குறைந்ததா? இங்கே நானும் என் பெண் வாண்டுவும் உடம்பளவில் நலம். மனதளவில் வாண்டு மட்டும் நலம். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்றாவது வாக்கியத்துக்குப் பதில் சொல்லிவிடுவாய். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால்தான் எனக்கே ஏதாவது புரிய வாய்ப்புண்டு.

போன வாரம் வாண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். "சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு அந்த பீட்சா கடைக்கு வந்துடும்மா. ஒரு முக்கியமான விஷயம். அங்க வந்து பாத்தா உனக்கே புரிஞ்சிடும்" என்றாள். இருபத்தாறு வயதுப் பெண், வங்கியில் வேலை, இரண்டு மாதமாக பால்கனியில் நின்று தணிந்த குரலில் போன் பேசுகிறாள், சாப்பிடும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறாள். இதைக் கேட்டதும் நீ என்ன நினைத்தாயோ அதையேதான் நானும் நினைத்தேன். நீ சத்தமாகச் சொன்னாய், அதுதான் வித்தியாசம். அவளிடமே கேட்டிருக்கலாமே என்று நீ சொல்லமாட்டாய் என்று நம்புகிறேன். நம் வீட்டில் யார் யாரிடம் எதை நேராகக் கேட்டிருக்கிறோம்? உனக்குக் கல்யாணம் என்பதையே நான் அழைப்பிதழில் உன் பெயரைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்ததை, அவர் குனிந்து செருப்பை எடுக்க மறுத்ததை வைத்து நாமாக ஊகித்தோம். வாண்டுவும் இந்த வீட்டுப் பெண்தான்.

அவள் அப்பா போய் ஆறு வருடமாகிறது. சரி, வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான். தவறாகச் சொன்னால் திருத்துவதற்கு இன்னொருவர் இல்லை. அந்தப் பயத்தில் ஆறு பத்துக்கே கடைக்குப் போய்விட்டேன். வாசலில் நின்ற பெண், "எத்தன பேர் மேடம்?" என்று கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியாது. "ரெண்டு பேர். இல்ல மூணு. நாலாகவும் இருக்கலாம்" என்றேன். அவள் என்னை ஆறு பேர் மேசையில் உட்காரவைத்தாள். எதிரே திறந்த அடுக்களை. செங்கல் அடுப்பு, அதற்குள் நிஜத் தீ, அதன்முன் உயரமான ஒருவர் மாவு உருண்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் வைத்தார்கள். பழக்க தோஷத்தில் டம்ளரை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள் வேறு எப்படிக் குடிப்பாள்? அடுப்பருகே நின்றவர் இதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த தாடிக்காரரிடம் ஏதோ சொன்னார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். தாடிக்காரர் தட்டுகளைத் துடைப்பதை விட்டுவிட்டு முதலிலிருந்து மறுபடி துடைத்தார்.

சும்மா உட்கார்ந்திருப்பது நன்றாக இருக்காது என்று சாப்பிட ஏதாவது சொல்லி வைக்கலாம் என்று நினைத்தேன். அங்கே பட்டியல் கிடையாது. மேசையில் ஒரு சதுரம், அதற்குள் எறும்பு ஊர்ந்தது போலக் கறுப்புப் புள்ளிகள். அதைப் போனில் பிடித்தால் பட்டியல் வருகிறது. நாற்பத்தொரு பீட்சா, எதன் பெயரும் என் வாயில் நுழையவில்லை. ஒன்பதாம் எண்ணைத் தொட்டேன், விரல் நழுவிப் பதினேழில் விழுந்தது. 'உறுதியா?' என்று கேட்டது. எனக்கு எதிலும் உடனே உறுதி வருவதில்லை என்று உனக்குத் தெரியும். சரிபார்க்க மறுபடி தொட்டேன். மறுபடியும் அதையே கேட்டது. இன்னொரு முறை தொட்டேன். பத்து நிமிடத்தில், தனியாக உட்கார்ந்திருந்த என் முன்னால் மூன்று பதினேழாம் எண் பீட்சாக்கள் வந்து இறங்கின. மூன்றிலும் அன்னாசிப்பழம். பக்கத்து மேசைக் குழந்தை தன் அம்மாவிடம், "அந்த ஆன்ட்டி பாவம், ரொம்ப பசி போல" என்றது.

அந்த நிலையில்தான் முதலாமவர் வந்தார். கண்ணாடி போட்டவர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. "வாங்கம்மா, வாங்க. உங்கள பத்தி நெறய சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார். பார்வைக்கு அடக்கம். முள்கரண்டியை நேராக வைத்தார், பிறகு என் முள்கரண்டியையும் நேராக வைத்தார். இவர்தான் என்று முடிவு செய்தேன். நேராகக் கேட்கக் கூடாது என்பதால், "வீட்ல யார் யார் இருக்காங்க?" என்றேன். "அம்மா, ரெண்டு பூனை" என்றார். "பூனைக்கு வயசு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் ஆறும் நாலும் என்று மரியாதையாகச் சொன்னார். மூன்று பீட்சாவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நல்ல குணம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அப்போது தாடிக்காரர் வந்து, "வாண்டு இன்னும் வரலியாம்மா?" என்றார். அக்கா, அந்தப் பெயர் நம் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. வங்கியில் அந்தப் பெயரைச் சொன்னால் அவள் வேலையையே விட்டுவிடுவாள் என்று நாம் கேலி செய்வோமே. அப்படியானால் இவர்தான். அதுவரை கண்ணாடிக்காரருக்குக் காட்டிய முகத்தைத் தாடிக்காரருக்குத் திருப்பினேன். அதற்குள் கண்ணாடிக்காரர் எழுந்து பக்கத்து மேசையின் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். விருந்தாளி எதற்காகத் தட்டெடுக்கிறார் என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோதே வாண்டு வந்தாள். மூச்சிரைக்க வந்தாள், முழங்கையில் மாவு. வந்தவள் என்னிடம் வரவில்லை. நேரே அடுக்களைக்குள் போய்க் கை கழுவி, அடுப்புக்காரரின் பலகையிலிருந்து ஒரு ஓரத்துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அவர் தன் வேலையைத் தொடர்ந்தார். ஒருவர் பலகையிலிருந்து கேட்காமல் எடுத்துத் தின்ன எவ்வளவு பழக்கம் வேண்டும் என்று யோசித்துப் பார். முழங்கையில் மாவு எப்படி வந்தது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் சீட்டு ஒட்டாத புட்டி வந்தால் கீழே கொட்டிவிட்டு வேறு அனுப்பச் சொல்லுவோம். இங்கே மூன்று புட்டிகள், ஒன்றிலும் சீட்டு இல்லை. கொட்டவும் முடியாது.

பிறகு எல்லோரும் என் மேசைக்கு வந்துவிட்டார்கள். அடுப்புக்காரரும் ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றார். கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "அம்மா, இவங்க உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்கல்ல?" என்று கேட்டார். இங்கேதான் நான் தவறினேன். இல்லை, ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. பெற்ற பெண் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று மூன்று அந்நியர்களிடம் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. "சொன்னா" என்றேன். வாண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். தான் எப்போது சொன்னோம் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். அவளும் கேட்கவில்லை.

"நாங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்மா. எங்களுக்கு முழு சம்மதம். உங்க வார்த்தைக்குத்தான் காத்திருக்கோம்" என்றார் கண்ணாடிக்காரர். மூன்று பேரும் எதற்குப் பேச வேண்டும், நண்பர்களிடம் சம்மதம் கேட்பது இப்போதைய வழக்கமா என்று யோசித்தபடி பீட்சாத் துண்டைக் கடித்தேன். கடித்தது தப்பு. சீஸ் அறுபடவில்லை. தட்டிலிருந்து வாய்வரை ஒரு முழ நீளத்துக்கு நூலாக இழுபட்டு நின்றது. துண்டை மேலே தூக்கினேன், நூல் நீண்டது. தலையைப் பின்னால் சாய்த்தேன், இன்னும் நீண்டது. வேறு வழியில்லாமல் தலையை முன்னால் கொண்டுவந்தேன். பிறகு பின்னால். பிறகு முன்னால். நான்கு பேரும் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரின்னுட்டாங்க" என்றார் தாடிக்காரர் மெதுவாக. வாண்டு அழுதுவிட்டாள். என் மகள் அழுது நான் பார்த்தது அவள் அப்பா போன அன்று. அந்த முகத்தின் முன்னால், அது சம்மதம் இல்லை, சீஸ் என்று எப்படிச் சொல்வேன்? "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல" என்றேன். அதை வாயாலேயே சொன்னேன்.

அதன்பின் நடந்ததைக் கேள். அடுப்புக்காரர் முதன்முறையாகப் பேசினார். "காலைல அஞ்சரைக்கு எந்திரிக்கணும்மா. எந்திரிப்பாங்களா?" என்றார். "பொறந்ததுலேருந்து எந்திரிச்சதில்ல" என்று உண்மையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். தாடிக்காரர், "அதெல்லாம் நான் போன் பண்ணி எழுப்பிடுவேன்" என்றார். கண்ணாடிக்காரர், "மொதல்ல மூணு மாசம் பாக்கலாம். ஒத்து வரலன்னா யாருக்கும் மனசு கோணாம பிரிஞ்சுக்கலாம்" என்றார். அன்னாசித்துண்டு எனக்குப் புரையேறியது. "எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது" என்றேன். "இப்ப எல்லா எடத்துலயும் இப்படித்தாம்மா" என்று தண்ணீரை நகர்த்தினார். நான் வாண்டுவைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள்.

வாசல்வரை மூவரும் வந்தார்கள். யார் அதிகம் குனிகிறார் என்று கவனித்தேன். மூவரும் ஒரே அளவு குனிந்தார்கள். திரும்பும்போது பேருந்தில் வாண்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீ கோவப்படுவன்னு நெனச்சேம்மா" என்றாள். இதுதான் சமயம் என்று, "எதுக்குக் கோவப்படணும்?" என்றேன். பதிலில் ஒரு பெயராவது வரும் என்று பார்த்தேன். "அதானே" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

இன்று ஞாயிறு. காலையிலிருந்து ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு எழுதிப் பார்க்கிறேன். கண்ணாடிக்காரர் முன்னால் நின்று பேசியிருக்கிறார். தாடிக்காரருக்கு வீட்டுப் பெயர் தெரிகிறது. அடுப்புக்காரரிடம் மாவு இருக்கிறது. எந்தப் பத்தியும் மற்றதைவிட நீளவில்லை. இனிமேல் போய் அவளிடம் கேட்டால், யாரென்றே தெரியாமலா சம்மதம் சொன்னாய் என்பாள். அவளுக்கு என்மேல் இருக்கும் மதிப்பு அத்தோடு போய்விடும். ஆகவே நீ எனக்கு ஓர் உபகாரம் செய். அவளுக்குப் போன் போட்டு, பையனுக்குச் சட்டை எடுக்க வேண்டும், அளவு என்ன என்று கேள். நாற்பத்து நாலு என்றால் அடுப்புக்காரர், முப்பத்தெட்டு என்றால் கண்ணாடிக்காரர். நாற்பது என்றால் தாடிக்காரராக இருக்கலாம், எதற்கும் கழுத்தளவும் கேட்டுக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். ஆசி யாருக்குப் போகிறது என்று தெளிவாகத் தெரிவது எவ்வளவு நிம்மதி.

இப்படிக்கு,
ஒரு முடிவுக்கும் வராத
உன் தங்கை

பின்குறிப்பு: இன்று திங்கள். கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. யாருக்கும் சட்டை எடுக்காதே. மேலே எழுதியவற்றில் பீட்சாவின் எண்ணைத் தவிர வேறெதையும் நம்பாதே.

காலை ஐந்தரைக்கு அவள் போன் அடித்தது. எழுந்துவிட்டாள். நான் கூடத்துக்கு வந்தபோது தலையில் துணி கட்டி, பழைய கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள். "பேங்க் ஒன்பதரைக்குத்தானே?" என்றேன். "பேங்கா? வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிடுச்சேம்மா. அதுக்குத்தானே நீ அன்னிக்கு வந்து சரின்னு சொன்ன?" என்றாள். இரண்டு மாதமாகச் சனி ஞாயிறுகளில் அங்கே மாவு பிசையப் பழகியிருக்கிறாள். இன்று முதல் முழுநேரம். மூன்று மாதம் பார்த்துவிட்டு, சரிப்பட்டால் நாலாவது கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வார்களாம். அந்த மூவரும் கடையின் முதலாளிகள். பால்கனியில் பேசியதெல்லாம் அவர்களோடுதானாம்; வாண்டு என்ற பெயரும் அந்தப் பேச்சில் போனதுதான். "அப்ப அந்த மூணு பேருல..." என்று ஆரம்பித்தேன். "அந்த மூணு பேருல என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

வங்கி வேலை கிடைத்த அன்று நான் எத்தனை பேருக்குப் போன் செய்தேன் என்று உனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அக்கா. இதற்கு நான் சம்மதிக்கவில்லை, எனக்கு விஷயமே தெரியாது என்று சொல்ல அதுதான் கடைசி நிமிடம். அவள் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் காலுறையுமாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. "குடை எடுத்துட்டுப் போ" என்றேன். எடுத்துக்கொண்டு போனாள்.

ஏழரைக்கு நான் அந்தக் கடைக்கு எதிர்ப்பக்கம் பேருந்திலிருந்து இறங்கி நின்றேன். கண்ணாடி வழியாக அடுக்களை தெரிந்தது. வாண்டு ஒரு மாவு வட்டத்தைக் கையில் சுழற்றினாள். அது தரையில் விழுந்தது. அடுப்புக்காரர் ஏதோ சொன்னார். அவள் குனிந்து எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தாள். அதுவும் விழுந்தது. மூன்றாவது விழவில்லை. நாலாவதை எடுக்கும்போது என் பேருந்து வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன்.