நான் மயங்கி விழவில்லை, படுத்திருந்தேன்

மேலகரம், தென்காசி
சித்திரை மாதம், அக்கினி நட்சத்திரம் நடக்கிறது

அன்புள்ள தம்பி குமரகுருவுக்கு,

மங்களேஸ்வரி அக்கா எழுதுவது. நான் இங்கே நலம். வாசுதேவநல்லூரில் நீயும் உன் மனைவியும் நலமாக இருக்கவும், உன் சர்க்கரை நீ வெளியே சொல்லிக்கொள்ளும் அளவிலேயே உள்ளேயும் இருக்கவும் குற்றாலநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். போன வாரம் கீழப்பாவூர்க் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க அக்கா வெயிலுக்கு மயங்கி விழுந்துட்டா, கரண்டு பில்லுக்குப் பயந்து ஏசியப் போட மாட்டேங்கா, இனிமே தனியா விடப்படாது" என்று நீ சொன்னாயாம். அப்பளம் போடுவதற்குள் அது பந்தியின் மறுகோடிக்குப் போயிருக்கிறது. பாயசம் வருவதற்குள் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நான் மயங்கவில்லை. விழவும் இல்லை. படுத்திருந்தேன். என் வீட்டில், என் தரையில், என் விருப்பப்படி படுத்திருந்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் நீ எப்படித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றாய் என்பது வேறு கதை.

நீ சொன்ன பேச்சு சென்னையில் என் மகன் காதுக்கும் போய்விட்டது. வைகாசி பிறந்ததும் ரவி வருகிறானாம். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என்னை அவனுடைய ஒன்பதாவது மாடிக்குக் கூட்டிப்போகப் போகிறானாம். நான் சொன்னால் "சரிம்மா" என்பான், ஆனால் கேட்க மாட்டான். தாய்மாமன் சொன்னால் மட்டும் கேட்பான். அது அவனுடைய சிறு வயதுப் பழக்கம். ஆகையால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசி.

நம் ஊர்க்காரர்களின் கௌரவம் உனக்குத் தெரியாததல்ல. ரவியின் மாமியாரிடம் எத்தனையோ வருஷமாக, "எங்க ஊர்ல காத்து மலையில இருந்து இறங்கி வருது, ஏசி எதுக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் ஆனி ஆடியில் வந்து, அருவியில் நின்று, சாரலில் நனைந்து, தும்மிக்கொண்டே ரயில் ஏறுகிறவர்கள். சித்திரையை நாம் வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுவதில்லை. அதனால் போன வருஷம் ரவி என் படுக்கையறைக்கு ஏசி வாங்கிக் கொடுத்தபோது, வெளிப்பெட்டியைத் தெருவில் போகிறவர் கண்ணில் படாமல் கொல்லைப்புறச் சுவரில்தான் மாட்டச் சொன்னேன். அது இன்டர்நெட் இணைப்புள்ள ஏசி. ஓடுகிறதா இல்லையா என்று அவன் சென்னையிலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை யூனிட் ஓடியது, எவ்வளவு பணம் என்கிற வாரக் கணக்கும் அவன் போனுக்கே போகும். இந்தச் சித்திரையில் முதல் வாரக் கணக்கு போனதும் கூப்பிட்டான். "எம்மா, நீங்க என்ன அங்கன ஐஸ் ஃபாக்டரியா நடத்துதிய?" என்றான்.

என்னை யாரும் ஊதாரி என்று சொன்னதில்லை. பாளையங்கோட்டை கான்வென்ட்டில் மனையியல் வகுப்பில் சிஸ்டர் என் நோட்டைத்தான் மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டுவார். அன்றே வேலையைத் தொடங்கினேன். ஏசியை இருபத்தாறில் வைத்து மேலே மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டேன். கதவின் அடி இடுக்கில் பழைய சுங்குடிச் சேலையைச் சுருட்டி வைத்தேன். உள்ளே வருகிறவர்கள் கதவைத் தட்டிவிட்டுச் சட்டென்று நுழைந்து சட்டென்று சாத்த வேண்டும், வாசலில் நின்று பேசக்கூடாது என்று விதி போட்டேன். வீட்டு வேலைக்கு வரும் ஆவுடைத்தாய்க்கு வாசலில் நிற்காமல் பேசவே வராது. "ஆச்சி, உள்ள வரதுக்கு எனக்கு டிக்கெட் எடுக்கணுமா?" என்றாள். மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்தேன். அறை குளிர்ந்தது உண்மை. ஆனால் மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ஹுஸ்னா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "ஆச்சி, ஒங்க மாடியில பட்டு வெயில் பூரா எங்க அடுக்களைக்கு வருது. நா தோச சுடவா, கண்ண மூடவா?" அவளுக்கு நம் வீட்டு வெட்டிவேர்த் தட்டி ஒன்றைக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

அடுத்தது வெளிப்பெட்டி. அது நிழலில் இருந்தால் மின்சாரம் குறையும் என்று ஏசியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. தென்னங்கீற்றை வரவழைத்து மேலும் பக்கமும் அடைத்து, அழகாக ஒரு குடில் கட்டவைத்தேன். கொல்லைக்கு வருகிறவர்கள் கண்ணிலும் படாது என்பது ஒரு கூடுதல் வசதி. நன்றாகக் காற்றோட்டம் விட வேண்டும் என்பது அதே புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்ததாம். அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நான் பொறுப்பல்ல. மூன்றாம் நாள் குற்றாலத்துக் குரங்குகள் குடும்பத்தோடு வந்து குடிலைப் பார்த்துப் பிடித்துப்போய்க் குடியேறின. ஏசி உள்ளே இருந்து அனல் மூச்சு விட்டு ஒருநாள் நின்றே போயிற்று. அதைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக் வேல்ராஜ் ஏணியில் நின்றுகொண்டு, "என்ன ஆச்சி, ஏசிக்குக் கல்யாணமா? பந்தல் போட்டு, பொண்ணு வீட்டுக்காரவளையும் வரவச்சிருக்கிய" என்றான். அந்தப் பையனுக்கு வாய் அதிகம். வேலை சுத்தம்.

இவ்வளவும் செய்த பிறகு அடுத்த வாரக் கணக்கு இன்னும் கூடிவிட்டதாக ரவி சொன்னான்.

காரணம் எனக்கு அப்போதே தெரியும் என்று நினைத்தேன். நான் இருபத்தாறில் வைத்துவிட்டு மத்தியானம் கண்ணயர்வேன். எழுந்து பார்த்தால் இருபத்திரண்டு என்று காட்டும். அந்த அறையில் என்னைத் தவிரப் பாய் போட்டுப் படுக்கிறவள் ஆவுடைத்தாய்தான். கேட்டேன். "நா அந்த ரிமோட்டுக் குச்சியத் தொட்டேன்னா என் கை வெளங்காமப் போவும்" என்று அழுதாள். மறுநாள் ரிமோட்டைப் பூஜை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தேன். எழுந்தபோது இருபத்திரண்டு. வேல்ராஜிடம் சொன்னேன். "அப்பம் பேய்தான் ஆச்சி. அதுக்கும் வேர்க்கும்லா" என்றான். இனி அந்த இயந்திரத்தைத் தொடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

அதனால்தான் தரை. உன் அத்தான் இருந்தபோது போட்ட சிவப்புச் சிமெண்ட் தரை அடுத்த அறையில் இருக்கிறது. விடியலிலேயே ஜன்னல்களைச் சாத்திப் போர்வையைத் தொங்கவிட்டு, தரையை ஈரத் துணியால் துடைத்து, மணைப்பலகையைத் தலைக்கு வைத்து, நெற்றியில் நனைத்த துண்டோடு படுத்தேன். பைசா செலவில்லை. அரை மணி நேரத்தில் உடம்பு பாண்டியன் காலத்துக் கோயில் பிராகாரம் போலக் குளிர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் ஹுஸ்னா மாம்பழம் கொண்டுவந்து கதவைத் தட்டிவிட்டு, ஜன்னல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். கதவைத் திறந்தால் காலையிலிருந்து சேர்த்துவைத்த குளிர் முழுவதும் போய்விடும். ஆகவே படுத்தபடியே கையைத் தூக்கி, பொறு என்று காட்டிவிட்டுக் கையைக் கீழே போட்டேன். இடுக்கு சின்னது. கை எழுந்ததும் விழுந்ததும் மட்டும்தான் அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

"ஏ, ஓடி வாங்க, ஆச்சி கீழ கெடக்காவ" என்று அவள் போட்ட சத்தம் இலஞ்சி வரை கேட்டிருக்கும். கொல்லையில் குரங்குக் குடிலைப் பிரித்துக்கொண்டிருந்த வேல்ராஜ் குதித்து வந்து பின்கதவுத் தாழ்ப்பாளை உடைத்தான். அவன் பின்னால் தெரு. தெருவுக்குப் பின்னால் வெயில். நான், "எனக்கு ஒண்ணும் இல்ல, கதவச் சாத்துங்க" என்றேன். "பாவம், கதவு கதவுன்னு பினாத்துதாவ" என்றார்கள். ஆம்புலன்ஸும் வந்தது. அதில் வந்தவர் என் கையில் பட்டையைக் கட்டி அழுத்திப் பார்த்துவிட்டு, "பாட்டிக்கு என்னைவிட நல்ல பிரஷர்" என்றார். அதைக் கேட்க அப்போது அறையில் யாரும் நிதானத்தில் இல்லை.

நன்றாகத்தான் இருந்தாய் என்றால் ஏன் உடனே எழுந்து உட்காரவில்லை என்று நீ கேட்பாய். அத்தனை பேர் சுற்றி நிற்கும்போது ஒரு பெண் அவசரப்பட்டு எழுந்து முந்தானையைத் தேடுவது அழகல்ல என்பது என் அபிப்பிராயம். கூட்டம் கலைந்த பிறகு ஹுஸ்னாவும் ஆவுடைத்தாயும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்க ஆசைப்பட்டார்கள். ஆசையைக் கெடுப்பானேன் என்று விட்டேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. அக்கா மயங்கவில்லை, திடமாக இருக்கிறாள், ஏசியின் உதவி இல்லாமலே கோடையைச் சமாளிக்கிறாள், அவளை அவள் வீட்டிலேயே இருக்கவிடு என்று ரவிக்கு எழுத வேண்டும். கீழப்பாவூரில் சொன்னதைக் கீழப்பாவூரிலேயே திருத்தவும் வேண்டும். அடுத்த முகூர்த்தம் எப்போது என்று விசாரித்துக்கொள்.

உன் மனைவிக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாரும் நோய்நொடி இல்லாமல், பந்தியில் வாயை அடக்கி, நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
மங்களேஸ்வரி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தில் வேர்வை பட்டு ஓர் எழுத்தும் கலையவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். படுக்கையறையில் ஏசியை இருபத்தாறில் போட்டுவிட்டுத்தான் எழுதினேன். நேற்றுச் சிவப்புத் தரையும் சுட்டது. இங்கேயும் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, மணைப்பலகையை மடியில் வைத்து எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு எழப் பார்த்தேன். முழங்கால் சம்மதிக்கவில்லை. அன்றைக்கும் சம்மதிக்கவில்லை என்பதை உன்னோடு வைத்துக்கொள். கட்டில் எதிர்ச்சுவரில் இருக்கிறது, பிடிக்க எட்டாது. ஆவுடைத்தாய் சாயங்காலம் வருவாள். அதுவரை நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படி உட்கார்ந்திருக்கும்போது ஒன்று நடந்தது. ரிமோட் மேசைமேல் என் கண்ணெதிரே கிடந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. ஏசி தானாக ஒரு சத்தம் கொடுத்தது. இருபத்தாறு இருபத்தைந்தாகி, இருபத்துநாலாகி, இருபத்திரண்டில் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கை எட்டும் இடத்தில்தான் இருந்தது. ரவி. "எம்மா, சாப்டாச்சா? வெயில் ரொம்பவோ?" என்று கேட்டான். ஐஸ் ஃபாக்டரி நடத்துகிறவன் யார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் பார்ப்பதற்கு மட்டும்தான் அந்த இணைப்பு என்று நான் நினைத்திருந்தேன். "இல்லப்பா, காத்து நல்லா வருது" என்று மட்டும் சொன்னேன். ஆவுடைத்தாய்க்கு ஒரு புதுச் சேலை எடுக்க வேண்டும்.

ஆகவே மேலே நான் கேட்டவற்றில் ஒரு மாற்றம். ஏசி இல்லாமல் சமாளிக்கிறேன் என்பதை விட்டுவிடு, பில்லைப் பற்றியும் ரவியிடம் ஒன்றும் சொல்லாதே. ஏசி எண்ணை அவன் குறைக்கிறபடி குறைத்துக்கொள்ளட்டும். வைகாசியில் வரும்போது வேல்ராஜைக் கூப்பிட்டு, இந்தச் சுவரில் ஒன்றும் சிவப்புத் தரை அறையில் ஒன்றுமாக, பிடித்து எழ உறுதியான கைப்பிடி வைத்துவிட்டுப் போகச் சொல். அது இருந்தால் நான் இங்கேயே இருப்பேன். போனில் வேண்டாம், அவனிடம் என்ன சொன்னாய் என்பதை எனக்குக் கடிதமாக எழுதிப் பதில் போடு.