நினைவட்டை அகற்று விழா

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது தற்செயலாக. சக்கரமும் அப்படித்தான் இருக்கும். ஆனால், தபால்தலை அளவுள்ள ஒரு நினைவட்டையை, அதாவது மெமரி கார்டைக் கழற்ற எட்டுப் பேர் கொண்ட குழு அமைத்தது முழுக்க முழுக்கத் திட்டமிட்ட சாதனை. அந்தப் பெருமை குடிநீர் விநியோக அலுவலகத்தையே சேரும்.

அலுவலகத்தின் நான்கு மாடிகளுக்கும் இணைய வழி காட்டியது, மாடிப்படிக்குக் கீழே கண்சிமிட்டிக்கொண்டிருந்த ஒரு ரவுட்டர். எந்தக் கணினி எதனோடு பேசலாம் என்ற விவரமெல்லாம் அதன் வயிற்றில் செருகிய அட்டையில் இருந்தது. அட்டைக்கு வயதாகிவிட்டது. பழையதைக் கழற்றிப் புதியதைச் செருக வேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஐந்து நிமிட வேலையை ஐந்து நிமிடத்தில் முடிப்பது பொறுப்பில்லாதவர்கள் வழக்கம். இயக்குநர் தலைமையில் குழு பதினோரு முறை கூடியது.

ரவுட்டரைப் பராமரிக்கும் டெக்னீஷியன் குழுவில் இல்லை. வேலை தெரிந்தவரைச் சேர்த்தால் 'நடுநிலை' கெட்டுவிடுமே! அவள் ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். அட்டை நல்லபடியாக மாறினால் பணி நிரந்தரம் என்று இயக்குநர் வாய்மலர்ந்திருந்தார். அவள் மாமியார் அதற்குள், "எங்க மருமக பெர்மனென்ட்டு" என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

விழா நாளில் இயக்குநரே அட்டையை அகற்றத் திருவுளம் கொண்டார். உடம்பிலுள்ள மின்சாரம் அட்டையைத் தாக்காமலிருக்க மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதன் மறுமுனையை இரும்புச் சட்டத்தில் மாட்ட வேண்டும். இயக்குநர் தம் சட்டைப்பையில் மாட்டிக்கொண்டார். புகைப்படத்தில் அது எடுப்பாக இருந்தது.

"சார், ஒரு நிமிஷம். மொதல்ல காப்பி எடுக்கணும்" என்றாள் அவள்.

"வேலையே ஆரம்பிக்கல. அதுக்குள்ள காப்பியா?"

"அதில்ல சார். காப்பி இல்லாம கழட்டினா எல்லாம் போயிடும்."

"காப்பி இல்லன்னா எனக்கும் தலைவலிதாம்மா. யாருப்பா அங்க? இந்தம்மாவுக்கு ஒரு காப்பி குடுங்க!"

அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் கையில் கோப்பை வந்துவிட்டது. கைதட்டலுக்கு நடுவே, சுவிட்சை அணைக்காமலேயே அட்டையும் வந்துவிட்டது. குழுச் செயலர் குறிப்பேட்டில் பொறித்தார்: 'தொழில்நுட்பர் காப்பி கோரினார். காப்பி வழங்கப்பட்டது.'

புதிய அட்டை மாசு மறுவற்றது. உள்ளே ஒன்றுமே இல்லை. பழையதோ இயக்குநரின் கைமின்சாரத்தில் உயிரை விட்டிருந்தது. நான்கு மாடிகளும் ஆழ்ந்த அமைதியில் மூழ்கின. தண்ணீர் வரவில்லை என்ற புகாரைப் பதிய வழியில்லாததால், அந்த மாதம் புகார்கள் பூஜ்யமாயின. அலுவலக வரலாற்றில் அதுவரை காணாத வெற்றி!

வெற்றிக்கும் விசாரணை உண்டு. தலைமையகத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி குறிப்பேட்டைப் புரட்டினார்.

"காப்பி வழங்கப்பட்டதுன்னு எழுதியிருக்கே. எங்கம்மா அது?"

"குடிச்சிட்டேன் சார்."

"ஆபீஸோட மொத்த விவரமும் இருந்த ஒரே காப்பியையா?"

"சார், அது சர்க்கரை போட்ட காப்பி..."

"சர்க்கரையைத் தனி ஃபைல்ல பாத்துக்கலாம்."

ஆறு வருட உழைப்பு ஒரு கோப்பையோடு போகிறதே! அவள் விடவில்லை. விழா நாளன்று காலை பத்து இருபதுக்கு யார் எங்கே நின்றார், யார் என்ன சொன்னார், யார் முதலில் கைதட்டினார் என்று அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள். புகைப்படத்தையும் சாட்சிக்கு இழுத்தாள். அது கணினிக்குள் இருந்தது. கணினியை எட்டத்தான் வழியில்லை.

குழுவினர் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"ஞாபகமில்லைங்க."

"சரியா நெனவில்ல சார்."

இயக்குநர் அதிகாரியையே திருப்பிக் கேட்டார்: "ரவுட்டர்னா?"

ஒரு மனிதர் மறந்தால் அது நோய். எட்டுப் பேர் சேர்ந்து மறந்தால் அது நிர்வாகம். அதற்குரிய மதிப்பை அறிக்கை அளித்தது:

'தொழில்நுட்பரைப் பணிநீக்கம் செய்யப் பரிந்துரைக்கிறோம். குழுவினர் எண்மருக்கும் அன்று நடந்த எதுவும் நினைவில்லை. அனைத்தும் நினைவில் இருப்பது இவருக்கு மட்டுமே. ஆகவே, சம்பவ இடத்தில் இருந்தவர் இவர் ஒருவரே என்பது ஐயமற விளங்குகிறது.'