கோமதி டைரக்டரியில் தேடவும்

எனக்கு நடிக்க வராது என்று சொல்பவர்கள், எண்பதுகளின் கடைசியில் தென்காசியில் நான் ஒரு ஃபைலைத் தேடியதைப் பார்த்ததில்லை. ஒளித்து வைத்தவளே நான்தான். ஆனாலும் அரை மணி நேரம் வியர்க்க விறுவிறுக்கத் தேடினேன் (ஏசி அறையில் வியர்ப்பதென்றால் சும்மாவா?).

குத்துக்கல்வலசையிலிருந்து நானும் இலத்தூரிலிருந்து உலகம்மாளும் கம்ப்யூட்டர் படிக்க வருவோம். மாடியில் ஓர் அறை, ஒரே ஒரு மெஷின். வெளியே சாரலில் ஊரே நடுங்கும். உள்ளே மெஷினுக்குச் சூடு ஆகாது என்று ஏசி வேறு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்காருவோம். வகுப்பு முடிந்ததும், அருவியில் தண்ணீர் விழுகிறது என்று யாராவது சொன்னால் ஐந்தருவிக்குப் பஸ் ஏறிவிடுவோம். அவள் இல்லாத சாயங்காலத்தை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் உலகு மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பம் அடித்தாள். கம்ப்யூட்டரில் அடித்ததுதான் வேண்டும் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. ஒற்றை விரலால் மூன்று நாள் அடித்து முடித்தாள். மறுநாள் சாயங்காலத் தபாலில் சேர்த்தால்தான் கடைசித் தேதிக்குள் போகும்.

அவள் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில், என் பெயரில் நான் வைத்திருந்த டைரக்டரிக்குள் (இப்போது ஃபோல்டர் என்கிறார்கள்) அந்த ஃபைலைக் காப்பி செய்துவிட்டு, வெளியே இருந்ததை அழித்துவிட்டேன். ஒரு தபால் தப்பினால் போதும், உலகு எனக்கே எனக்கு. அவ்வளவுதான் அன்றைய மூளை.

மறுநாள் மெஷின் "ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்றது.

"சார், காங்கலையே!" உலகுவின் குரல் உடைந்துவிட்டது.

சார் (பாடத்தில் எங்களைவிட இரண்டு பக்கம்தான் முன்னே போயிருப்பார்) மெஷினை அணைத்துப் போட்டார். ஃபைல் இருந்தது ஹார்ட் டிஸ்கில். அவர் ஃப்ளாப்பியை வேட்டி நுனியால் துடைத்தார். "சாரல் ஈரம் உள்ள எறங்கிருக்கும்" என்று ஏசியைக் கூட்டினார். மெஷினை ஓட்டிய அந்தக் காலத்து டாஸ், நாம் நிற்கிற டைரக்டரியை மட்டும்தான் காட்டும். பக்கத்து டைரக்டரியில் என்ன இருக்கிறது என்று தானாகச் சொல்லாது. அந்தத் தைரியத்தில் நான் அவளையே கேட்டேன்.

"வேற பேர்ல சேவ் பண்ணிட்டியாட்டி? நல்லா யோசி."

பாவி நான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் யோசித்தாள்.

சார் புத்தகத்தைப் புரட்டினார். "டிஸ்க்ல கெடக்க அம்புட்டு ஃபைலையும் காட்டுத கமாண்ட் ஒண்ணு இருக்குல்லா!" என்று எதையோ தட்டினார். எனக்குத் தெரியாத கமாண்ட். பச்சை எழுத்துகள் மளமளவென்று ஓடி நின்றன. கடைசியில் கோமதி டைரக்டரி. அதற்குள் இரண்டு ஃபைல்கள். சார் இரண்டையும் திறந்துவிட்டார்.

ஒன்று உலகுவின் விண்ணப்பம். இன்னொன்று அதே கம்பெனிக்கு, யாருக்கும் தெரியாமல், நான் அடித்து வைத்திருந்த விண்ணப்பம்.

மாடியானதால் பூமி பிளந்து என்னை விழுங்கவும் வழியில்லை. கன்னத்தில் அறைவாள் என்று நின்றேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் வாரேன்னு சொல்லிருக்கலாம்லாட்டி?"

"எங்கப்பா விடமாட்டாவ."

"கேட்டியா?"

நான் கேட்கவில்லை.

"ரெண்டையும் பிரிண்ட் போட்டுரவா?" என்றார் சார்.

"அவளுக்கு மட்டும் போடுங்க சார்" என்றேன். பிரிண்டர் கறகறவென்று ஓடியது. தாளின் ஓரத்துத் துளைப்பட்டியைக் கிழித்துக் கொடுத்ததும் நான்தான்.

அவளுக்கு வேலை கிடைத்தது, போய்விட்டாள். அந்த வருஷம் தண்ணீர் நன்றாக விழுந்தும் ஐந்தருவிப் பக்கமே நான் போகவில்லை. யாரோடு போவது?

இன்றும் வீட்டில் சாவி காணாமல் போனால், "கோமதி டைரக்டரில பாருங்கலே" என்று என் கணவர் பிள்ளைகளிடம் சொல்லுவார். சீசனுக்குச் சீசன் உலகு குடும்பத்தோடு வருவாள். அருவியில் குளித்த ஈரத் தலையோடு இந்தக் கதையை முதலிலிருந்து சொல்லுவாள். "தொறந்து பாத்தா, உள்ள என் ஃபைலு இருக்கு!" என்று முடிப்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இத்தனை வருஷத்தில் இரண்டாவது ஃபைலைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. சிரிப்பு அடங்கும்வரை என் முகத்தையும் பார்க்க மாட்டாள். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். கேட்டிருந்தால் அப்பா விட்டிருப்பாரோ, என்னவோ.