முயலும் ஆமையும் என் முகூர்த்தமும்

மார்கழியில் நல்ல காரியம் செய்யக்கூடாது என்று ஊரில் முடிவு கட்டியவர்கள், சுவிஸில் தை மாதம் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்க நியாயமில்லை. அதனால்தான் இங்கே எங்கள் ஆட்கள் மார்கழி முழுக்கப் பொறுத்திருந்துவிட்டு, குளிர் உச்சத்தில் நிற்கும் தையில், பட்டு வேட்டியும் கூறைச் சேலையுமாக நடுங்கிக்கொண்டு கலியாணம் கட்டுகிறார்கள். நானும் கட்டினேன். என் கலியாணத்துக்கு வந்த எவரும் மணப்பெண் துஷி எவ்வளவு வடிவாக இருந்தாள் என்று இன்றுவரை கதைத்ததில்லை. சாப்பாட்டைப் பற்றியும் கதைத்ததில்லை. ஸ்னோபுளோவர் என்ற பனி வீசும் மெசினைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். (சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. இங்கேயாவது அதைப் பதிந்து வைக்கிறேன்.)

மண்டபம் சோலோதுர்னுக்கு வெளியே ஒரு மேட்டின் மேல் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் நாங்கள் விடியவே வந்து சேர்ந்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் வானம் கொட்டத் தொடங்கியது. பூப்போல விழும் பனி இல்லை, ஈரப்பனி. குழைத்த அரிசிமா மாதிரிக் கட்டி கட்டியாக ஒட்டும் சாமான். பத்து மணிக்குள் ஏற்றப்பாதையில் முழங்காலளவு சேர்ந்துவிட்டது. (கணுக்காலளவுதான் என்கிறாள் துஷி. அவள் பஸ்ஸுக்குள் இருந்தவள், அவளுக்கு என்ன தெரியும்.)

அந்த பஸ்தான் பிரச்சினை. பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு ஆராவிலிருந்து வந்த பஸ், ஏற்றத்தின் அடியில் ஒருமுறை முக்கி, வழுக்கி, நின்றுவிட்டது. மாமா, அதாவது துஷியின் அப்பா, போன் எடுத்தார்.

"தம்பி, பஸ் ஏறுதில்லை."

"நடந்து வரேலாதோ மாமா?"

பின்னால் மாமியின் குரல் கேட்டது. "என்ரை பிள்ளை பட்டுச் சீலையோடை உந்தப் பனிக்குள்ளை நடக்கமாட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் பாதையைத் துப்புரவாக்கட்டும்!"

பதினொரு மணியோடு முகூர்த்தம் முடிகிறது. ஐயரிடம் போய், கொஞ்சம் பிந்தினால் என்ன என்று கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இதை விட்டால் உங்கள் இரண்டு பேரின்ரை நட்சத்திரத்துக்கும் வைகாசிதான்."

மாமியை இந்தக் கலியாணத்துக்கு ஓம் என்று சொல்லவைக்க நானும் துஷியும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். வைகாசிவரை விட்டால் அவர் மனம் மாறிவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மண்டபத்தைப் பராமரிக்கும் வால்டர் இடுப்புப் பிடித்து வீட்டில் படுத்திருந்தார். கொட்டிலில் மெசின் நிற்கிறது, திறப்பு ஆணியில் தொங்குகிறது, உங்களில் யாருக்காவது லோடர் ஓட்டத் தெரியுமா என்று போனில் கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

பொய் இல்லை. நான் தோட்ட வேலைக் கம்பனியில் வேலை செய்பவன். கோடையில் மண் அள்ளும் சின்ன லோடர் ஓட்டுவேன். ஆனால் இதன் முன்னால் மண்வாளிக்குப் பதிலாக, பனியைக் கடித்துத் தின்று குழாய் வழியாகத் தூர வீசும் ஹைட்ராலிக் பெட்டி ஒன்று பூட்டியிருந்தது. அதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன். பக்கத்தில் துஷியின் தம்பி சுரேன் நின்றான். அவன்தான் என் மாப்பிள்ளைத் தோழன், அதனால் விடியவே எங்களோடு வந்திருந்தான். "அத்தான், இதெல்லாம் ஓட்டுவீங்களோ!" என்று அவன் பார்த்த பார்வையில் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது.

பட்டு வேட்டிக்கு மேல் வேலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினேன். தலைப்பாவைக் கழற்ற என் பெரியம்மா விடவில்லை. "தாலி கட்டுமட்டும் அது தலையில இருக்கோணும்" என்றார். கல்லு வைத்த தலைப்பாவோடு லோடரில் இருந்தேன். வீடியோக்காரர் ஓடிவந்தார்.

சுரேன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தான். வால்டர் ஜேர்மனில் விளக்கினார். இரண்டு இடத்தில் முயல் படமும் ஆமைப் படமும் இருக்கும். ஒன்று எஞ்சினுக்கு, மற்றது சக்கரத்துக்கு. எஞ்சினை முயலில் போடு, சக்கரத்தை ஆமையில் போடு. ஈரப்பனிக்கு அதுதான் வழி.

"என்னவாம்?" என்றார் பெரியம்மா.

சுரேன் இங்கே பிறந்த பிள்ளை. ஒளிவுமறைவு தெரியாது. "ஒண்டை ஆமையில போடட்டாம்" என்றான்.

"ஐயோ! நல்ல காரியம் நடக்கிற இடத்தில என்ன வாய் இது!" பெரியம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வீட்டுக்குள்ளை வரக்கூடாத சாமான். தாலி கட்டப்போற பிள்ளை அதிலையோ கை வைக்கிறது? முயலிலயே போடு, ரெண்டையும்!"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவசரத்துக்கு எவனாவது மெதுவாகப் போவானா? (வால்டருக்கு இடுப்போடு சேர்த்து மூளையும் பிடித்துவிட்டது என்றுகூட நினைத்தேன். கடவுள் மன்னிப்பாராக.) பெரியம்மா விடவில்லை. தட்டத்திலிருந்து சந்தனம் எடுத்து இரண்டு ஆமையையும் முகம் தெரியாமல் பூசி மறைத்தார்.

இரண்டையும் முயலில் தள்ளிவிட்டுப் பாய்ந்தேன். மெசின் ஒரு உறுமல் உறுமியது. பிறகு ஏனோ சத்தம் இறங்கி, முனகத் தொடங்கியது. வீசவேண்டிய பனியை அது வெற்றிலை எச்சில் மாதிரி ஒரு முழத்துக்கு அப்பால் துப்பியது. பிறகு அதுவும் இல்லை. குழாய் அடைத்துவிட்டது.

"எஞ்சினை நிறுத்து! கையை உள்ளே விடாதே, தடியால் குத்து!" என்று போனில் வால்டர் கத்தினார். தடிக்கு எங்கே போவது? சமையல்கட்டிலிருந்து சோறு கிளறும் நீட்டு அகப்பை வந்தது. குத்தினேன். மறுபடியும் பாய்ந்தேன். மறுபடியும் அடைத்தது.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. வேகமாகப் போனால் ஏன் குறைவாக வீசுகிறது? நான் வேகத்துக்கு அமத்தும்போது எஞ்சின் ஏன் அழுகிறது? ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள்.

"இன்னும் இழுத்து ஓடு!" என்றார் பெரியம்மா.

"பின்னுக்கு எடுங்கோ அத்தான்!" என்றான் சுரேன்.

"அண்ணை, இன்னொருக்கா அந்த மூலையிலயிருந்து வாங்கோ, லைட் நல்லாயிருக்கு" என்றார் வீடியோக்காரர்.

நான் ஒரு பொத்தானை அமத்தினால் பெட்டி மேலே எழும்பியது. இன்னொன்றை அமத்தினால் குழாய் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்தது. கீழே பஸ்ஸின் கண்ணாடியில் துஷியின் முகம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆமையில்தானே போட்டிருக்கிறாய்?" என்று வால்டர் சந்தேகத்தோடு கேட்டார்.

"இல்லை. என் பெரியம்மா விடுகிறார் இல்லை. கலியாணத்தில் ஆமை கூடாதாம்."

வால்டர் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். ஒரே எஞ்சின்தான் சக்கரத்துக்கும் பெட்டிக்கும் எண்ணெய் தள்ளுகிறது. ஓட்டத்தில் சக்கரமே பலத்தையெல்லாம் தின்றுவிட்டால் பெட்டிக்கு மிச்சம் இல்லை. மெதுவாகப் போனால்தான் அது முழுப் பலத்தோடு வீசும். கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்க விடு.

அந்த நேரம் ஐயரே வெளியே வந்தார். பின்னேரம் பேர்னில் அவருக்கு வேறு சடங்கு இருந்தது. விஷயத்தைக் கேட்டார். சந்தனப் பூச்சை விரலால் துடைத்து உள்ளே பார்த்தார்.

"ஆர் இதை ஆமையெண்டது? இது கூர்மாவதாரம்" என்றார். "மந்தர மலையையே முதுகில தாங்கினவர். இந்தச் சின்ன மெசினைத் தாங்கமாட்டாரோ? போடும் தம்பி!"

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, தான் மறைத்த ஆமைக்குத் தானே குங்குமப் பொட்டு வைத்தார்.

எஞ்சின் முயலில், சக்கரம் கூர்மத்தில். மெசின் ஊர்ந்தது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. எஞ்சின் ஒரே சுதியில் பாட, குழாயிலிருந்து பனி வெள்ளை வில்லாக எழும்பி வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாதை கீழ்நோக்கித் திறந்துகொண்டே போனது. பஸ்ஸுக்குக் கிட்டப் போனதும் கதவு திறந்தது. ஆராத்தித் தட்டோடு முதலில் மாமி இறங்கினார், பின்னால் படியில் துஷி. மேலே மேளம் தொடங்கியது.

வென்றுவிட்டேன் என்ற சந்தோஷப் புளுகத்தில் நான் ஹோர்ன் அடித்தேன்.

அது ஹோர்ன் இல்லை.

குழாய் மெதுவாக, மிக மரியாதையாகத் திரும்பியது. வேலி, மரம், பஸ்ஸின் முன்கண்ணாடி, பிறகு மாமி. அதை அப்பால் திருப்ப வேறு பொத்தானை அமத்தினேன், அது அங்கேயே நின்றுவிட்டது. மெசின் அன்றைக்குத் தன் முழுத் திறமையையும் என் மாமியார் மேல்தான் காட்டியது. திறப்பைப் பிடுங்கி நிறுத்தும்போது, அங்கே ஒரு வெள்ளைத் தூண் தட்டோடு நின்றது. தூணில் இரண்டு கண்கள் இருந்தன. அவை என்னைப் பார்த்தன.

மேளகாரரும் நிறுத்திவிட்டார். செத்தேன் என்று நினைத்தேன். அப்போது படியிலிருந்து துஷி சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பொட்டுக் கலங்கக் கலங்கச் சிரித்தாள். பிறகு தாயின் தோளைத் தட்டிவிட்டு, "அம்மா, நடவுங்கோ. நேரம் போகுது" என்றாள்.

முகூர்த்தத்துக்குள் தாலி கட்டிவிட்டேன். வீடியோவில் பார்த்தால் தெரியும், அட்சதை தூவும்போது மாமியின் கொண்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. "நான் அப்பவே சொன்னனான், அதிலை கை வைக்கவேண்டாமெண்டு" என்று பெரியம்மா முணுமுணுப்பதும் கேட்கும். "பிழை கூர்மத்தின்ரை இல்லை, மாப்பிள்ளையின்ரை" என்று ஐயர் மந்திரத்துக்கு நடுவே சொன்னதும் பதிவாகியிருக்கிறது.

இப்போது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் வெளிக்கிடப் பிந்தினால், "அப்பா கூர்மத்திலயோ முயலிலயோ?" என்று கேட்கிறாள். மாமி அந்தக் கதையை வாயால் எடுப்பதில்லை. ஆனால் என் வீட்டுக்கு வந்தால், எந்த வெயிலிலும் குடையை விரித்துக்கொண்டுதான் காரிலிருந்து இறங்குவார்.

போன கோடையில் மாமாவும் மாமியும் வந்தபோது, நான் முற்றத்தில் தக்காளிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பாதி இறங்கிய மாமி, என் கையில் இருந்த தண்ணிக் குழாயைக் கண்டதும் திரும்ப ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கி, "தம்பி, முதல்ல அதைக் கீழை வையுங்கோ" என்றார்.

நான் மரியாதையாகக் கீழே வைத்தேன். குழாய் புல்லில் ஒருமுறை துள்ளி, தன்பாட்டில் காரின் பக்கம் கழுத்தைத் திருப்பியது.

மாமா காரின் வைப்பரைப் போட்டார்.