தொண்ணூற்றாறு தாளும் சித்ரலேகா எழுதியதே

திருநெல்வேலி டவுண்,
18.8.1995

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் குமரகுருபரன் அவர்களுக்கு அத்தான் திருஞானசம்பந்தம் எழுதுவது. காந்திமதி அம்மன் அருளால் வள்ளியூரில் தாங்கள் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கு உங்கள் அக்காள் பார்வதியம்மாள் சௌக்கியம். மகள் சித்ரலேகா சௌக்கியம். எனக்குத்தான் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

சித்ரலேகா பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து இந்த மாதத்தோடு ஆறு மாதம். வேலையை நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அவள் முதலாளி, உங்கள் கல்லூரித் தோழர் ஷேக் மைதீன், வருகிற திங்கட்கிழமை முடிவு சொல்கிறார். ஒரு ஆஸ்பத்திரியின் பன்னிரண்டு பதிவேடுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் புரோகிராமை அவளிடம் கொடுத்திருந்தார்கள். நோயாளி, டாக்டர், கட்டில், மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் சேர்க்க, தேட, திருத்த, நீக்க என நாலு பங்ஷன், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைத் தொகுப்பு, வேண்டுமாம். ஆக நாற்பத்தெட்டு. கூட வேலை பார்க்கும் சிவகணேஷ் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இதே மாதிரி எழுதி, தலையணை கனத்தில் ஒரு கட்டு கொடுத்தானாம். நம் பிள்ளை என்னிடம் காட்டியது மூன்றே தாள்.

"மிச்சம் எங்கம்மா?" என்றேன்.

"அம்புட்டுதாம்ப்பா. இதுக்குப் பேரு மேக்ரோ. பதிவேட்டுப் பேரு வார எடத்தக் காலியா விட்டு ஒரே ஒரு அச்சு செஞ்சிருக்கேன். பன்னெண்டு பேரையும் குடுத்தா நாப்பத்தெட்டையும் அதுவே எழுதிக்கிடும்."

"அதுவே எழுதிக்கிடும்னா ஒன்னைய என்னத்துக்கு வச்சிருப்பாங்க?"

அவள் சிரித்தாள். தாலுகா ஆபீசில் முப்பத்துநாலு வருடம் குப்பை கொட்டியவன் நான். ஒரு உத்தரவுக்கு ஏழு நகல், ஒன்று குறைந்தாலும் மெமோ. மூன்று தாள் கொடுத்தவரை யாரும் நிரந்தரம் செய்து நான் பார்த்ததில்லை. ஆகவே மூன்று நாளும் அவள் வேலைக்குப் போனதும் அந்த மூன்று தாளையும் எதிரே வைத்துக்கொண்டு, காலி இடத்தில் ஒவ்வொரு பதிவேட்டுப் பெயராகப் போட்டு, நாற்பத்தெட்டையும் வீட்டு டைப்ரைட்டரில் நானே அடித்தேன். ஆபீஸ் வழக்கப்படி வரிக்கு வரி இடைவெளி விட்டதில் ஒன்றுக்கு இரண்டு தாள் வீதம் தொண்ணூற்றாறு தாள், கார்பன் நகல் தனி. விரலெல்லாம் வீங்கிப் போயிற்று. உங்கள் அக்காள், நான் யார் மேலோ மொட்டைப் பெட்டிஷன் தயார் செய்வதாக நினைத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நேற்றுக் காலை சித்ராவுக்குத் தெரியாமல் கட்டைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்தேன்.

அவர் கட்டைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணாச்சி, இம்புட்டும் ஒங்க மவளா எழுதுனா?" என்றார். தலையை ஆட்டிவிட்டேன். "சரி, வச்சிட்டுப் போங்க" என்றார். முகம் சரியில்லை. வீட்டுக்கு வந்துதான் கார்பன் நகலைச் சரிபார்த்தேன். டாக்டர் பதிவேட்டின் நீக்கும் பங்ஷனில், கை அசந்து, நோயாளி பதிவேட்டின் பெயரையே அடித்திருக்கிறேன். டாக்டர் ஒருவரை நீக்கினால் நோயாளி ஒருவர் காணாமல் போவார். இப்படி இன்னும் எத்தனை இருக்கிறதோ, பார்க்கத் தைரியம் இல்லை.

ஆகையால் தாங்கள் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்து ஷேக் மைதீனைப் பார்க்கவேண்டும். அவர் கேட்டால், எழுதியது சித்ரலேகா என்று சொல்லவும். அவர் மனைவி ஷம்ஸியா கேட்டாலும், எழுதியது சித்ரலேகா என்று சொல்லவும். அந்த சிவகணேஷ் குறுக்கே வந்தால் அவனிடமும், எழுதியது சித்ரலேகா என்று அழுத்திச் சொல்லவும். சித்ராவே கேட்டால் ஒன்றும் தெரியாதது போல இருந்துவிடவும்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும். வரும் வழியெல்லாம் நினைவில் வைக்கவும்: எழுதியது சித்ரலேகா.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அத்தான்,
திருஞானசம்பந்தம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் சித்ரா வந்துவிட்டாள். மூன்று தாளில் முடித்த பிள்ளை என்றுதான் முதலாளி புதன்கிழமையே நிரந்தர உத்தரவை எழுதி வைத்திருந்தாராம். இன்று என் கட்டைக் காட்டி, "மூணு தாள்ல முடிச்சவ, எதுக்கும்மா இப்பிடித் தப்பும் தவறுமா திருப்பி எழுதுன?" என்று கேட்டு, உத்தரவை நிறுத்தி வைத்துவிட்டார். டைப் எழுத்தைப் பார்த்ததுமே இவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லையாம். "எங்கப்பா பொய் சொல்லிட்டாங்கன்னு நான் எப்பிடிப்பா சொல்லுவேன்?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. திங்கட்கிழமை வரை காத்திருக்கப் போவதில்லை, நாளைக் காலையே நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தாங்களும் ஞாயிற்றுக்கிழமை வந்து அதையே சொல்லவும். ஆகவே மேலே 'எழுதியது சித்ரலேகா' என்று வரும் இடத்தில் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டுக்கொள்ளவும். மூன்று இடத்தில் வருகிறது.

சித்ரா வாங்கிப் படித்தாள். "ஒரே எடத்துல எழுதியிருந்தா ஒரு தடவ திருத்துனா போதும்லாப்பா" என்கிறாள். மூன்று இல்லையாம், நாலாம்.