அப்பா நிறுத்திய படம்

என் அப்பாவை யாரென்றே தெரியாது என்று நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை. நிதானமாக, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பலர் முன்னிலையில் சொன்னேன். ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் யாரும் அதை மறக்கவில்லை, என்னையும் மறக்க விடுவதில்லை.

அதற்கு முந்தின வருடம் எனக்கு இருபத்து நான்கு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் தொழில். (வீட்டிலும் அதையேதான் செய்கிறாய், சம்பளம் மட்டும் கிடையாது என்பாள் அம்மா.) அலுவலகத் தோழி ஒருத்தி என்னைச் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதல் படத்தில் ஒரு பெண் பேருந்துக்காகக் காத்திருந்தாள். ஒன்றரை மணி நேரம் ஆகியும் பேருந்து வரவில்லை. கரையான்சாவடி நிறுத்தத்தில் நானும் அப்படி நின்றிருக்கிறேன், என்னை யாரும் படம் எடுத்ததில்லை. ஆனால் விளக்குகள் எரிந்தபோது என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்கப் பொய் சொல்லி விடுப்பு எடுத்தேன். உப்பளத்தில் வேலை செய்யும் சகோதரிகள், ஒரு வார்த்தை பேசாமல் வலை பின்னும் கிழவர், எனக்கு உச்சரிக்க வராத நாடுகள். பாட்டில்லை, சண்டையில்லை, இடைவேளைகூட இல்லை. உலகம் இவ்வளவு பெரிதா என்று அழுகை வந்தது.

அதன்பிறகு நான் சகிக்க முடியாத ஆளாகிவிட்டேன். அம்மா சாம்பாருக்குத் தாளிக்கும்போதுகூட, "அப்படியே இரும்மா, வெளிச்சம் நல்லா விழுது" என்பேன். கடுகு கருகும்.

அடுத்த வருட விழாவுக்குள் வெளியூரில் படத்தொகுப்புப் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். சேர்கிறேனா இல்லையா என்று ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இரும்பு கடையும் லேத் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். பாதுகாப்பு விதிகள் அவருக்கு வேதம். எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டில் துப்பட்டாவை முடிச்சுப் போடாமல் மிக்ஸி பக்கம் யாரும் போக முடியாது. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீ சொல்ற அந்த சினிமாவ எனக்கு ஒண்ணு காட்டு. அப்பால பேசலாம்."

என் எதிர்காலம் ஒரே ஒரு படத்தில் தொங்கியது. விழாக் கையேட்டை இரண்டு நாள் அலசினேன். கிடைத்தது ரத்தினம்: ஒரு குளிர்தேசத்தில் லேத் தொழிலாளி ஒருவரின் ஒரு நாள். அப்பாவின் மனம் இளகாமல் எங்கே போகும்? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையில் அப்பா வந்தார். அரங்கில் நுழைந்ததும் அவர் திரையைப் பார்க்கவில்லை. வெளியேறும் வழி எங்கே என்று பார்த்தார். பிறகு சுவரில் இருந்த சிவப்பு அலாரம் பெட்டியைப் பார்த்தார். "பரவால்ல, கரெக்டாதான் வெச்சுக்கீறாங்க" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

படத்தில் முக்கால் மணி நேரம் அந்த மனிதர் இரும்பைக் கடைந்தார், ரொட்டி தின்றார், மறுபடி கடைந்தார். அப்பா முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தொழில் தெரிஞ்ச ஆளும்மா. கை இன்னா சுத்தமா கீது பாரு" என்று கிசுகிசுத்தார். நான் மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது அந்த மனிதருக்குக் குளிரெடுத்தது. தொளதொள கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டார். கைப்பகுதியில் நூல் தொங்கியது. ஓடிக்கொண்டிருந்த லேத்தின் பக்கம் நடந்தார். கேமரா அசையவில்லை. நூல் தொங்கும் கை, சுழலும் இரும்பு, அவ்வளவுதான்.

"யோவ், கழட்டுய்யா அத" என்றார் அப்பா. முதலில் மெதுவாக. பிறகு அரங்கமே கேட்க, "கைய எடு! மிஷின நிறுத்து!"

திரும்பிப் பார்த்தால் பக்கத்து இருக்கை காலி. லேத் பிரிவில் ஒருவனுக்கு ஆபத்து என்றால், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். யார் கைக்கு எட்டுகிறதோ அவர் மிஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடிப்பார். அப்பாவுக்கு எட்டியது.

மணி அலறியது. விளக்குகள் எரிந்தன, திரை அணைந்தது, அரங்கமே தெருவுக்கு ஓடியது. ஓர் அயல்நாட்டு நடுவர் ஒற்றைச் செருப்போடு நின்றார். படத்தை எடுத்த பெண் இயக்குநர் வாசற்படியில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாருங்க அலாரம் அடிச்சது?" என்று விழாத் தொண்டர் பெண் ஒருத்தி கேட்டாள்.

அப்பா கையைத் தூக்கினார். "நான்தாம்மா. அந்தாளு கை மாட்டிக்கப் போவுதேன்னு..."

சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். "மேடம், இவர் உங்ககூட வந்தவரா?"

இனி நான் சேரப்போகும் உலகம் மொத்தமும் சுற்றி நின்று பார்ப்பதாகத் தோன்றியது. "இல்லைங்க. யாருன்னு தெரியாது" என்றேன்.

அப்பா ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், "ஆமாம்மா, நான் தனியாத்தான் வந்தேன்" என்றார்.

ஆவடி ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வில்லிவாக்கம், கொரட்டூர் தாண்டின. அம்பத்தூரில் அவர் வாயைத் திறந்தார். "ஃபாக்டரிக்கு வர்றதுக்கு மின்னாடி ஒரு சின்னப் பட்டறைல இருந்தேன். பக்கத்து மிஷின்ல ஒருத்தன். ஸ்வெட்டர்தான் மாட்டிக்கிச்சு. நான் பாத்துக்கினே நின்னேன். மிஷின நிறுத்தக் கை வரல எனக்கு." பிறகு, "சினிமான்னு தெரியாதாம்மா எனக்கு? காலு தானா எந்திரிச்சுது" என்றார்.

திருமுல்லைவாயில் வரும்வரை அழுதேன். "தப்பு பண்ணிட்டேன்ப்பா" என்றேன்.

அவர் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்கு மறுபடி போடறாங்களாமே. அந்தாளு கை இன்னா ஆச்சுன்னு தெரியணும். நீ வர்றியா? நான் வேணா தெரியாத ஆளாட்டம் தள்ளி உக்காந்துக்கறேன்."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் போனோம். சொன்னபடியே ஓர் இருக்கை தள்ளி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த இடம் வந்தது. நூல் தொங்கும் கை, சுழலும் இரும்பு. அப்புறம் அந்த மனிதர் நின்றார். கம்பளிச் சட்டையைக் கழற்றினார், மடித்து வைத்தார், வேலையைத் தொடர்ந்தார். அவ்வளவுதான். அப்பா விட்ட பெருமூச்சு கடைசி வரிசை வரை கேட்டிருக்கும்.

வெளியே வந்ததும், "ரெண்டு நொடி பொறுத்திருந்தா இந்த வம்பே இல்ல" என்றார். பிறகு கேட்டார்: "அந்த ரெண்டு நொடிய எவ்ளோ இழுக்கணும்னு யாரு முடிவு பண்றது?"

"எடிட்டர்ப்பா."

"அத்தத்தான் படிக்கப் போறியா?"

"ஆமாப்பா."

"உசுரே போச்சு எனக்கு" என்றார். ஸ்டேஷன் படி ஏறும்போது சொன்னார்: "போய்ப் படி."

படித்தேன். போன வருடம் அதே விழாவில் நான் தொகுத்த படம் ஒன்றைத் திரையிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் வந்தார்கள், அப்பா வழக்கம்போல ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தார். கல்யாண வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும் ஒன்பது வருடமாக இதே கூத்துதான். தொண்டர் ஒருவர் வந்து, "சார், நீங்க மேடத்தோட ஃபேமிலியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. யாருன்னே தெரியாது" என்றார் அப்பா. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

விளக்குகள் அணைந்ததும் நான் நகர்ந்து காலி இருக்கையில் உட்கார்ந்து, அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பாசம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். (அவருக்கு அந்தப் பக்கம், சுவரில், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது.)