உருண்டை தலைமறைவு

என் உருண்டைக் கண்ணுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நான் நலம், உன் நலம் அறிய ஆசை என்று பழக்கத்தில் கை எழுதிவிட்டது. அடித்துப் போடவும் மனசு வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். தம்பி நலம். கூரை ஓட்டையும் நலம். நீ இன்றைக்கு அடைக்கிறேன் நாளைக்கு அடைக்கிறேன் என்ற அதே இடத்தில்தான் ஒழுகுகிறது. நான் படித்தது கொஞ்சம், பிழை இருந்தால் சிரிக்காதே. இங்கே நடந்த கூத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தேசிய விடுமுறை வந்தது. அன்றைக்கு நாடு முழுக்க மதுக்கடைக்குப் பூட்டு, சீட்டாட்டத்துக்குத் தடை, மீறினால் கைது என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு ஜீப் போனது. முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலைக்கூட நிறுத்தவில்லை. "ரெய்டு எத்தனை மணிக்குன்னும் சேர்த்துச் சொல்லிட்டுப் போனா நல்லாருக்கும், முன்னாடியே வாங்கி வச்சுக்கலாம்" என்றார். நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு இருந்த ஆள், "முன்னாடி எதுக்குண்ணே? ரெய்டு முடிஞ்சு போனா கூட்டமே இருக்காது" என்றான். கடையே சிரித்தது. நம் தெருவில் அந்த ஜீப்பை யார் நம்புகிறார்கள்? அதை ஓட்டுகிற டிரைவரே நம்பமாட்டார்.

நான் ஒருத்திதான் முதல் வருஷம் நம்பினேன். நீ அந்த பாரில் கிளாஸ் கழுவப் போன புதிது. உன்னைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றதும் அடுப்பைக்கூட அணைக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே நீ பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு போலீஸ்காரர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தாய். "ஒண்ணுமில்லம்மா, வருஷத்துக்கு ஒரு ஆளைக் காட்டணுமாம். முதலாளி என்னைக் காட்டியிருக்காரு" என்றாய், ஏதோ பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்த மாதிரி. அப்புறம் வருஷா வருஷம் நீதான். மேசைமேல் பாட்டில்களை அடுக்கி, பின்னால் உன்னை நிறுத்திப் படம் பிடிப்பார்கள், சாயங்காலம் விட்டுவிடுவார்கள், நின்ற கூலிக்கு முதலாளி ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்புவார். வருஷத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தது தினத்துக்கு ஒன்றாகி, கடைசியில் வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். நான் செல்லமாகக் கூப்பிட்ட பேரை 'பிரபல சாராய வியாபாரி உருண்டை' என்று பேப்பரில் போட்டார்கள். பிறந்தபோது கன்னம் இரண்டும் உருண்டையாக இருந்ததே என்று வைத்த பேரடா அது. உனக்குப் பெண் கேட்கப் போன வீட்டில் அந்தப் பேப்பரைத்தான் எடுத்து வந்து என் முன்னால் விரித்தார்கள். செருப்பைச் சரியாக மாட்டக்கூட இல்லை, திரும்பி வந்துவிட்டேன்.

நீ போன பிறகு வந்த முதல் விடுமுறை இது. விடிந்ததும் மீசைப் போலீஸ்காரர் வாசலில் நிற்கிறார். "அம்மா, உருண்டை கிளம்பிட்டானா? போட்டோக்காரர் வந்துட்டாரு."

"அவன் மழைக்கு முன்னாடியே கிளம்பிட்டான்யா."

"எங்க?"

"இடுகாட்டுக்கு."

பாவம், தொப்பியைக் கழற்றிவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஐயோ, அவன் பேரை எழுதி மேலிடத்துக்கு அனுப்பிட்டேனேம்மா. பேப்பர்காரங்களுக்கும் கொடுத்தாச்சே" என்றார்.

"செத்தவன் பேரையா?"

"போன வருஷத்ததைப் பார்த்து அப்படியே எழுதிட்டேன். எப்பவும் அவன்தானேம்மா…" என்று இழுத்தவர் எட்டி உள்ளே பார்த்தார். உள்ளே உன் தம்பி பல் விளக்கிக்கொண்டு நின்றான். "சின்னவருக்கு அண்ணன் சாயல் அப்படியே இருக்கு" என்றார்.

அந்த மடையன் வாயைக் கொப்பளித்துவிட்டு, "ஒரு மணி நேரம்தானேம்மா. நின்னுட்டு வந்துடறேன், அவரு பொழப்பும் கெடாம இருக்கும்" என்கிறான். உன் குரலேதான். அவனுக்கு பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை நிரந்தரமாகியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருவதாகப் பேச்சு. இவனும் மேசைக்குப் பின்னால் போய் நின்றால் அடுத்த வருஷமும் இவன்தான், கையில் பாட்டிலும் வரும். எதிர்த்துப் பேசினால் முறுக்கிக்கொண்டு போவான் என்று தெரியும். "நல்ல சட்டையா எடுத்து வைக்கிறேன் இரு" என்று உள்ளே போய், கொடியில் தொங்கியது, மடித்து வைத்தது, கிரீஸ் பிடித்தது என்று அவன் துணி அத்தனையையும் அள்ளிச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டேன். அவசரத்தில் உன் நீலச் சட்டையும் சேர்ந்து போய்விட்டது. நீ கடைசியாகப் போட்டது, துவைக்காமல் வைத்திருந்தேன். வெளியே எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன், வெறும் சோப்பு வாசனை.

சின்னவன் இடுப்புத் துண்டோடு கத்துகிறான், "அம்மா, உனக்குப் பைத்தியமா!" போலீஸ்காரர், "துண்டோட நிறுத்தினா பிரபல வியாபாரி மாதிரி இருக்காதேம்மா" என்று நிஜமாகவே வருத்தப்படுகிறார். "நான் வர்றேன், நடங்க" என்று நானே போய் வேனில் ஏறி உட்கார்ந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

பாரில் முன்கதவுக்குப் பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். நாங்கள் பின்கதவு வழியாகப் போனோம். கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள், விளிம்பெல்லாம் கறை. நீ கழுவினால் அப்படி இருக்காது. முதலாளி என்னைப் பார்த்ததும் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டார். போட்டோக்காரர், "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பாட்டிலை மறைக்கிறீங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். "யாருய்யா இந்த அம்மா?"

"உருண்டையோட அம்மா சார்."

"உருண்டை எங்கே?"

"காலமாயிட்டான் சார்."

"அப்புறம் எதுக்குய்யா அவன் பேரைக் கொடுத்தே? இப்ப செத்தவனை அரெஸ்ட் பண்ணினோம்னு போடச் சொல்றியா?" என்று கத்தியவர், கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கே சந்தோஷம் வந்துவிட்டது. "ஆள் தப்பியோட்டம்னு போடு. தலைமறைவு. தனிப்படை அமைச்சுத் தேடறோம். போன வருஷப் படத்தையே கொடுத்துடு."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கு என்ன வந்ததோ, "கிடைச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க சார்" என்றேன்.

மறுநாள் பேப்பரில் நீ கொட்டை எழுத்தில் வந்திருந்தாய். முடிவெட்டுகிறவர் உரக்கப் படித்துவிட்டு, "கண்ணு முன்னாடி விக்கிறவனையே காணோங்கிறவங்க, இவனைப் பிடிச்சிடப் போறாங்களாக்கும்" என்றவர், வாசலில் என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அன்று மத்தியானமே முத்திரையை உடைத்து பாரைத் திறந்துவிட்டார்கள். உன் தம்பி ஈரச் சட்டையோடு வேலைக்குப் போனான், என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். கையில் பேப்பர் எதுவும் இல்லை. அவர்கள் போன பிறகுதான், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டான்.

இனிமேல் போலீஸ் சொல்வதிலும் பேப்பர் போடுவதிலும் ஒரு எழுத்தைக்கூட நம்பமாட்டேன், தெருவில் எல்லோரையும் போல நானும் சிரித்துவிட்டுப் போவேன் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இருக்கிற இடத்தில் வயிறு வலிக்காமல் இரு. தலையை ஈரத்தோடு விடாதே. தம்பி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். அவன் சொல்லவில்லை, நான்தான் எழுதுகிறேன், ஆனால் கேட்பான்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்.

பின்குறிப்பு: மேலே நம்பமாட்டேன் என்று எழுதியது பொய். தனிப்படை தேடுகிறது என்று போட்ட நாளிலிருந்து வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி ஓடுகிறேன். நேற்று மீசைக்காரரை வழிமறித்து, "எங்கெல்லாம் தேடினீங்க?" என்றே கேட்டுவிட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தேடிட்டுதாம்மா இருக்கோம்" என்றார். அவர்கள் இதுவரை நிஜமாக ஒருத்தரைப் பிடித்ததில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் உருண்டை, இந்த ஒரு தடவை மட்டும் அவர்கள் கையில் மாட்டிக்கொள்கிறாயா?